வேலிக் கூலி

லண்டன் கேட்டது நாற்பத்தைந்தாயிரம் பவுன்.
நான் அதற்கு மூன்று பிரதி எடுத்தேன்.
மூன்றாவதில் ஒரு சுழியம் விட்டுப்போய்
கஜானா அதிகாரி மக்கெக்னி
அரை நிமிடம் சந்தோஷமாக இருந்தார்.

பிறகு தொடங்கியது பேரம்.
பாசறைக்கு நாம் கொடுத்த மேட்டுநிலத்துக்கு
வாடகை ஏன் கழிக்கவில்லை என்று கேட்டோம்.
நிலமே ராணியுடையது என்று பதில் வந்தது.
அங்கே பிடிக்கும் காய்ச்சலும் ராணியுடையதா
என்று எழுதச் சொன்னார். எழுதினேன்.
கோடு போட்டு அடிக்கச் சொன்னார். அடித்தேன்.
ஒரு கேள்வி போக ஒரு கப்பல்,
ஒரு பதில் வர ஒரு கப்பல்.
இடையில் ஹாங்காங்கில் மழைக்காலம் வந்து போயிற்று.
அபின் குத்தகை, பன்றித் தொட்டி உரிமம், தெருவிளக்கு வரி,
எதை எவ்வளவு ஏற்றினால்
ஒரு பீரங்கியின் ஒரு சக்கரம் ஆகும் என்று
கடிதத்தின் ஓரத்தில் கணக்குப் போட்டு வைத்தேன்.

கர்னல் தோர்ன்டைக் ஒருநாள் நேரில் வந்தார்.
பன்னிரண்டு பீரங்கிகள்; பதினொன்று கடலைப் பார்க்கின்றன.
மற்றது? என்றார் மக்கெக்னி.
கர்னல் ஜன்னலுக்கு வெளியே பார்த்தார்.
தாய்பிங்ஷான் சரிவில் யாரோ
மூங்கிலில் காற்சட்டை உலர்த்திக்கொண்டிருந்தார்கள்.
அதற்கும் அவர்கள்தான் கட்டுகிறார்கள், என்றேன் நான்.
சத்தமாக அல்ல.
போர்ச்சுகீசியத்தில்.

கடைசியில் ஒரு தந்தி:
நாற்பதாயிரம். இனிப் பேச்சில்லை.
மக்கெக்னி ஷாம்பெயின் திறந்தார்,
எனக்கும் ஒரு விரற்கடை ஊற்றினார்.
ஐயாயிரம், லியோகாடியோ!
ஐயாயிரம் பவுன் குறைத்துவிட்டோம்!

சராப் மோக் குடிக்கவில்லை.
காசைக் கல்லில் தட்டிக் காதால் பார்ப்பவர்.
அவர் விரல் மணிச்சட்டத்தில் ஓடி நின்றது.
முதல் கடிதம் வந்த அன்று பவுனுக்கு ஆறு வெள்ளி.
இன்று ஆறே முக்காலையும் தாண்டிவிட்டது.
இரண்டு லட்சத்து எழுபதாயிரம் கேட்டார்கள்.
நாம் வாதாடி
இரண்டு லட்சத்து எழுபத்துநாலாயிரத்துச் சொச்சத்துக்கு
இறக்கியிருக்கிறோம்.

மக்கெக்னி கோப்பையைக் கீழே வைத்தார்.
பாட்டிலில் இன்னும் பாதி நுரைத்துக்கொண்டிருந்தது.
சபைக்கு வைக்கும் தாளில், என்றார்,
பவுனில் மட்டும் எழுது.

எழுதினேன். மூன்று பிரதி.
சுழியங்களை இரண்டு தடவை எண்ணினேன்.

மாலையில் அதே கட்டடத்தின் மறுபக்கம்
என் வீட்டு வரிக்கு வரிசையில் நின்றேன்.
மோக் என்னைத் தெரிந்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை.
ஒவ்வொரு வெள்ளியாகத் தட்டினார்.
நாலாவது மந்தமாக ஒலித்தது.
திருப்பித் தந்தார்.