வெள்ளிக்கிழமை, மூன்று மணி

துர்க்கு துறைமுகத்தில் மார்ச்சிலும்
பனி கிடையாகத்தான் அடிக்கும்.
படகுச் சீட்டு மென்பொருள் எங்களுடையது.
மாதம் ஒருமுறை, நள்ளிரவில்,
ஓஸ்மோவின் நோட்டைப் பார்த்து நாற்பத்தொரு படி.
பத்தொன்பதாவதில் பென்சிலால்
"மூச்சை அடக்கு" என்றிருக்கும்.

பயிற்சிக்கு வந்த சிர்க்கு
நோட்டைத் திறக்கவேயில்லை.
"ஒரு எழுத்துப்பிழையைத் திருத்தி அனுப்புவோம்,
இன்றைக்கே."
வெள்ளிக்கிழமையா?
யார்னோ காபியை வைத்துவிட்டான்.

சேர்ந்து இரண்டே நாளான இங்கெரி
பொத்தானைத் தொட்டாள்.
பச்சை.
பச்சை.
சிவப்பு.

யாரும் யாரையும் பார்க்கவில்லை.
பிறகுதான் படித்தோம்:
காலையில் யார்னோ வேண்டாவெறுப்பாய் எழுதிய சோதனை
பிடித்து நிறுத்தியிருக்கிறது.
பிப்ரவரி இருபத்தொன்பதில் பிறந்த குழந்தைகளுக்கு
முழுக் கட்டணம். எத்தனை வருடமாகவோ.

"அந்த வரி என்னுடையது" என்றான் ஓஸ்மோ.
சிர்க்கு நாற்காலியை நகர்த்தி இடம்விட்டாள், அவ்வளவுதான்.

திருத்தினான். மறுபடி பொத்தான்.
நான்கு நிமிடம், எல்லாம் பச்சை.
கைதட்ட நினைத்து
கூச்சத்தில் விட்டுவிட்டோம்.
ஜன்னலில் ஐந்து மணிக் கப்பல்
ஆட்களை ஏற்றிக்கொண்டிருந்தது,
எதுவும் நடக்காததுபோல.

ஓஸ்மோ மேல்கோட்டை மாட்டிக்கொண்டு
வாசலில் கொஞ்சம் நின்றான்.
அனுப்பி முடித்த நாளில்
வெளியே வெளிச்சம் இருந்து
அவன் பார்த்ததில்லை.