முதல்

ஆறரை லட்சம், வரி தனி.
ஆண்ட்ராய்டுக்கு நாலு மாதம்,
ஆப்பிளைப் பற்றி அப்புறம் பேசலாம்.
சென்னைக் கம்பெனியின் ஏழாம் பக்கத்தில்
பொடி எழுத்தில் ஒரு வரி:
வாடிக்கையாளர் மனம் மாறினால் கட்டணமும் மாறும்.
எனக்கோ தினம் இரண்டு தரம் மாறுகிறது.

செக்காலை ரோட்டில் ஜெராக்ஸ் கடை மாடி.
மூன்றில் வைத்தாலும் ஒன்றில் சுற்றும் மின்விசிறி.
எதிரே ஜன்னத், காதில் ஒரு போன், கையில் ஒன்று.

செயலி என்ன செய்யும் என்று கேட்பவர்களுக்கு
ஒரே பதில் வைத்திருக்கிறேன்:
ஒரு முகூர்த்தத்தில் ஒன்பது கல்யாணம்,
கொத்தமங்கலத்தில் இலை போட்டாயிற்று,
சாம்பார் வாளி தூக்க ஆளில்லை.
அந்த ஆளை அது தேடித் தரும்.
எல்லோரும் தலையாட்டுகிறார்கள்.
பணம் என்றதும்
வெயிலைப் பற்றிப் பேசுகிறார்கள்.

ஈப்போ சொக்கலிங்கம் அண்ணன் மட்டும் பேசவில்லை.
குரல் பதிவு அனுப்பினார்:
"நாளைக்கே போட்டுவிடுறேன் ஆத்தா.
எனக்கு ஐம்பத்தொன்று.
அந்த ஒன்று கூட இருந்தால்தான்
முடிவு சட்டென்று எடுக்கலாம்."
பின்னால் யாரோ தட்டு கழுவும் சத்தம்.

பங்கு என்றால் எனக்குத் தெரியும், அண்ணே.
பள்ளத்தூர் வீட்டில் நாற்பத்தெட்டில் ஒன்று என்னுடையது.
போன வருஷம் சினிமாக்காரர்கள் பத்து நாள் இருந்தார்கள்;
என் கணக்கில் விழுந்தது நாலாயிரத்து நூறு.
மூன்றாம் கட்டில் ஓடு சரிந்து
மழை வாசல் கேட்காமல் வருகிறது.
மாற்ற, நாற்பத்தெட்டுக் கையெழுத்து.
ஒருவர் டெக்சாஸ். ஒருவர் பேசுவதில்லை.
ஒருவர் இறந்து ஏழு பேராகிவிட்டார்.

வளையல் ஆறு. வங்கியில் எடை போட்டு வாங்கிய சீட்டு
பர்சில் நாலாக மடிந்து கிடக்கிறது.
அதைப் பிரிக்காமலே
அதிலுள்ள தொகை எனக்கு மனப்பாடம்.

ஜன்னத்துக்கு வேறு மாதிரி மனப்பாடம்.
சமையல் காண்ட்ராக்டரிடம் ஒன்பது வருஷம் கணக்கெழுதியவள்.
"புதுவயல் மில்லில் ராத்திரி ஷிப்டு அவன், மதியப் பந்திக்குக் கூப்பிடு.
அந்தக் காலேஜ் பையன் ரசத்தைச் சிந்துவான், பாயசத்துக்கு விடலாம்.
சாமிக்கண்ணு கையில் அட்வான்ஸ் கொடுக்காதே,
அவன் பெஞ்சாதி நம்பருக்குப் போடு."
நூற்று நாற்பது பேர்.
எந்த மேகத்திலும் ஏற்றி வைக்காத நூற்று நாற்பது.

தரவு உள்ளீடு, வாடிக்கையாளர் பொறுப்பு
என்கிறது சென்னைக்காரன் தாள்.
அந்தப் பொறுப்பு
இப்போது என் எதிரே உட்கார்ந்து
டீயில் பன்னை நனைக்கிறது.

போன் அடிக்கிறது. கொத்தமங்கலமேதான்.
ஐந்தே நிமிஷம், மூன்று அழைப்பு, ஒரு திட்டு.
நாலு பேர் ஒரே ஷேர் ஆட்டோவில் ஏறிவிட்டார்கள்.
தலைக்கு ஐம்பது என்று அவள் சும்மா சொல்லிப் பார்க்க,
இருநூறு ரூபாய் வந்து விழுந்தது
டிங் என்று.

இருவரும் அந்த டிங்கைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

"எழுது" என்றாள்.
"எதில்?"
"ஏதாவது தாளில். உங்க ஆட்கள் ஐந்தொகைன்னு பெருமை பேசுவீங்களே."
பைக்குள் கைவிட்டு அகப்பட்டதை எடுத்தேன்.
வெற்றுப் பக்கத்தில் பிள்ளையார் சுழி போட்டேன்.
பக்கத்தில் அவள் 786 எழுதினாள்.
இருநூறு.
வரவா, முதலா?
யோசிக்கும்போதே
பின்னால் என்ன அச்சாகியிருக்கிறது என்று
அவள் திருப்பினாள்.

ராத்திரி ஒரு மணிக்கு நான் தட்டச்சு செய்தது.
நிறுவனர் பங்கு: எனக்கு எண்பது. ஜன்னத்துக்கு இருபது.
ஐம்பத்தொன்றுக்குக் கொதித்த
அதே நாளில், அதே விரல்.

நிதானமாகப் படித்தாள்.
பன்னின் கடைசித் துண்டு டீயில் ஊறிக் கரைந்தது.
"தேவகோட்டையில் ரெண்டு பேர் குறையுதாம்.
இதை அப்புறம் பேசலாம்" என்று
போனோடு படிக்கட்டுக்குப் போனாள்.

அப்புறம்.
ஆப்பிளுக்கும் அதைத்தான் எழுதியிருக்கிறார்கள்.

பேனா என் கையில்தான் இருந்தது.