இரண்டு நொடி

ஒன்பது மணிக்குள் மானியைத் திருப்பித் தரவேண்டும்.
உதிரிபாகக் கடையில் முன்பணம் கட்டிய சீட்டு
கோட்டுப் பையில் கசங்கிக் கிடக்கிறது.
நடந்துதான் போனேன், நடந்துதான் வந்தேன்.

பம்பு போச்சு என்றான் மெக்கானிக்,
டாங்கை இறக்கணும், எண்ணூறு டாலர்.
மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் வேலை எனக்கு.
எண்ணூறு டாலருக்கு எத்தனை போர்வை மடிக்கவேண்டும் என்று
என் தோளுக்குத் தெரியும்.

மார்ச் பிறந்தும் ஹான்காக்கில் இடுப்பளவு பனி.
ரேஞ்சரின் பானெட்டைத் தூக்கி முட்டுக் கொடுத்தேன்.
இன்ஜின் மேல், சைக்கிள் டியூபில் இருப்பதுபோல் ஒரு வால்வு.
பழந்துணி சுற்றி, மூடியைக் கழற்றி,
மானியின் குழாயைத் திருகினேன்.
தீயணைப்பான் காலடியில்.

முள் எழுந்து விழுவதைப் பார்க்கவேண்டும்,
அதே நேரம் சாவியையும் திருப்பவேண்டும்.
என் கை அவ்வளவு நீளமில்லை.

தெருவில் ரூடி பெஸ்ஸனன் வீட்டில் மட்டும் வெளிச்சம்.
அக்டோபரில் என் நாய்மேல் நகராட்சிக்குப் புகார் எழுதியவன்.
அதிலிருந்து அவன் பனியை என் பக்கம் தள்ளுவான்,
நான் அவன் பக்கம்.
தட்டினேன். "சாவி திருப்ப ஒரு ஆள் வேணும்."
பூட்ஸ் கயிறு கட்டாமலே வந்தான்.

"போடு."
பின்னால், டாங்கின் இருட்டில், இரண்டு நொடி முனகல்.
முள் துள்ளி முப்பத்தெட்டில் நின்றது.
நின்றதா?
முப்பத்தைந்து. முப்பது.
பொய் சொல்லி மாட்டிக்கொண்டவன் பார்வைபோல
மெல்லக் கீழே.

"எடு." "போடு." "எடு."
ஐந்து மாதத்தில் நாங்கள் பேசிக்கொண்டது இவ்வளவுதான்.

பம்பு ஏற்றித்தான் தருகிறது,
வழியில் யாரோ கைவிடுகிறார்கள்.
ரெகுலேட்டரின் தலையிலிருந்து ஒரு சின்னக் குழாயை உருவினேன்.
காற்று மட்டும் போகவேண்டிய குழாய்.
கையுறையில் சொட்டியது
பெட்ரோல்.
உள்ளே நகத்தளவு சவ்வு கிழிந்திருக்கிறது.
நாற்பத்திரண்டு டாலர்.

"பம்பு இல்லையா?" என்றான் ரூடி, தலையை வெளியே நீட்டி.
"இல்ல."
சிரித்தான் என்று சொல்லமாட்டேன்,
மூக்கிலிருந்து ஆவி கொஞ்சம் அதிகமாய் வந்தது.
"கார்லாவோட வண்டியும் காலையில இருமுது.
கடை எப்ப மூடுவான்?"
மணி எட்டு இருபது.
முன்பணம் என்னுடையது என்று ஒருகணம் நினைத்தேன்.
நினைத்துக்கொண்டே சீட்டையும் மானியையும் நீட்டினேன்.
"நீயே திருப்பிக் கொடுத்துடு."

மறுநாள் ரெகுலேட்டரை மாட்டிவிட்டு ஏறி உட்கார்ந்தால்
பெடலுக்குக் கால் எட்டவில்லை.
தன் நெட்டைக் காலுக்கு இருக்கையைக்
கடைசிப் பல் வரை தள்ளியிருக்கிறான்.
மிதியடியில் அவன் பூட்ஸ் விட்ட உப்புக் கறை.

முன்பணத்தைப் பற்றி இதுவரை பேச்சில்லை.
நாய் அவன் வேலியோரம் நின்று குரைக்கிறது.
சாவியைப் பாதி திருப்பி
இரண்டு நொடி காத்திருக்கிறேன்.