கரி அள்ளுபவளுக்குப் பக்கம் இல்லை

போத்தோங் பாசிரில்
கூரை சறுக்கி இறங்கும் அந்தப் புளோக்கில்
பதினான்காம் மாடி.
மழை விட்டு அரைமணி.
மேசையில் ஹைருலின் வரைபடம்,
சுருண்டுகொள்ளாமல் இருக்க
நான்கு மூலையிலும் கோப்பி-ஓ.
"இது ஆயிரத்து எண்ணூற்று எண்பத்தேழு," என்கிறான்.
"நடக்காத எண்பத்தேழு."

அவனுடைய சிங்கப்பூரில் ஆறு கொதிக்கிறது.
தொங்கான்களின் முகப்பில் தீட்டிய கண்கள்
இமைக்கின்றன.
தபால் சுமக்கும் பித்தளை மைனாக்களுக்கு
வாரம் ஒருமுறை எண்ணெய் விட வேண்டும்.
மறந்தால்
கடிதத்தைப் பிரித்துத் தெருவுக்கே படித்துக் காட்டும்.

முப்பத்து நாலு வயசில் இதெல்லாம் தேவையா
என்று தங்கை கேட்டாள்.
அவளுக்குச் சொல்லாத பதில்:
வாரத்தில் ஐந்து நாள் நான் பார்ப்பது திரை.
ஓட்டுநர் இல்லாத ரயில் சுரங்கத்தில் நின்றுபோனால்
ஓர் எண் சிவக்கும். அவ்வளவுதான்.
எது தேய்ந்தது, எது தளர்ந்தது,
எந்தக் கம்பி எந்தக் கம்பியோடு கோபித்துக்கொண்டது,
தெரியாது.
பெட்டி மூடியே இருக்கும்.
திறந்தால் உத்தரவாதம் போய்விடும்.

ஹைருலின் ஆகாயக் கப்பலோ
குடலை வெளியே மாட்டிக்கொண்டு அலைகிறது.
ஒரு திருகு கழன்றால்கூட
டிங் என்று சொல்லிவிட்டுத்தான் விழும்.
கொதிகலனுக்கு ஆத்திரம் வந்தால் முள் நடுங்கும்.
குறடோடு போய் நாலு தட்டுத் தட்டலாம்,
வையலாம்.
திரையையும் வைது பார்த்திருக்கிறேன்.
பயனில்லை.

சியூ யீ, கப்பல் தலைவி.
இளஞ்செழியன், கண்டுபிடிப்பாளன்;
மகளின் நீச்சல் கண்ணாடிக்குப் பொன்வண்ணம் அடித்து
நெற்றியில் ஏற்றியிருந்தான்.
பிரகாஷினி வாள் வீச்சுக்காரி, பேச்சிலும்.
"நீ என்ன, யாழு?"
"கரி அள்ளுகிறவள்."

ஹைருல் விதிப்புத்தகத்தைப் புரட்டினான்.
முந்நூற்றுப் பன்னிரண்டு பக்கம்.
தொப்பிகளுக்கு ஓர் அட்டவணை,
மீசை மெழுகுக்கு ஓர் அட்டவணை.
கரி அள்ளுபவளுக்குப் பக்கம் இல்லை.

"அப்ப இத்தனை நாளா கரி யார் போட்டது?"
கேட்டது சியூ யீ.
யாருக்கும் தெரியவில்லை.
கப்பல் பாட்டுக்குப் பறந்துகொண்டிருந்தது.

உட்கார்ந்து எழுதினோம்.
மணிக்கு எத்தனைக் கூடை.
கூடைக்கு என்ன கூலி.
சுட்ட கைக்குக் கோடாலித் தைலம் யார் கணக்கில்.
இளஞ்செழியன் பேரம் பேசினான்,
நிஜச் சம்பளத்துக்குக்கூட அப்படிப் பேசியிருக்கமாட்டான்.
ஒன்றரை மணிநேரம் கொள்ளையர்கள்
மேகத்துக்குப் பின்னால் பொறுமையாகக் காத்திருந்தார்கள்.

நடந்த எண்பதுகளில்
தஞ்சோங் பகாரில் கரிக்கூடை சுமந்தவர்களின் வரிசை
எனக்கு நினைவுக்கு வந்தது.
சொல்லவில்லை.
சொன்னால் விளையாட்டு பாடமாகிவிடும்.

கொள்ளையர் வந்தார்கள்.
"முழு வேகம்!" என்றாள் தலைவி.
மண்வாரியைக் கீழே வைத்தேன்.
"முதலில் தைலம்."

மறுப்பதற்கும் புத்தகத்தில் விதி இல்லை.
ஹைருல் தாடியைச் சொறிந்தான்.
"பதினேழுக்கு மேல் விழுந்தால்
கப்பல் உன் பேச்சைக் கேட்கும்."

இருபது முகப் பகடை
மேசை விளிம்பில் ஒரு கணம் யோசித்து
குளிர்பெட்டிக்கு அடியில் போனது.
ஐந்து பேரும் தரையில் குப்புறப் படுத்து
கைத்தொலைபேசி வெளிச்சத்தில் பார்த்தோம்.
கால் ஒன்றில் சாய்ந்து நின்றது
பதினெட்டுக்கும் இரண்டுக்கும் நடுவில்.
தூசி. ஒரு பழைய வெங்காயத் தோல்.
தலைக்கு மேல் மோட்டார் முனகியது,
அதற்கும் ஏதோ பாக்கி இருப்பதுபோல.

யாரும் தொடவில்லை.
அடுத்த சனிக்கிழமை வரை அப்படியே இருக்கட்டும்
என்று முடிவானது.

கடைசி ரயில்.
முன்பெட்டியில், ஓட்டுநர் இருக்க வேண்டிய கண்ணாடிமுன்
நான் நின்றேன்.
சுரங்க விளக்குகள் வந்து வந்து போயின.
இன்றிரவுப் பணி நொராய்னிக்கு.
எங்கோ குளிரூட்டிய அறையில்
சிவக்காத எண்களைப் பார்த்துக்கொண்டு
பிஸ்கட் தின்பாள்.
கோவன் தாண்டியதும்
கூரைக் கேமராவுக்குக் கை காட்டினேன்.
அவள் பார்த்தாளோ என்னவோ,
கரி படிந்த கை அது,
செங்காங் வரைக்குமாவது.