சான்று எண் பதினான்கு

கல்யாண மேடையில் நீதிபதிக்கு நாற்காலி.
போன முகூர்த்தத்தின் தெர்மாகோல் எழுத்துகளில்
ஒரு ‘ன்’ மட்டும் சுவரைவிட்டு இறங்க மறுத்திருக்கிறது.
அதன் கீழே என் மேசை, என் விசைப்பலகை.

நான் தட்டச்சர். நாளுக்கு அறுநூறு, டீ தனி.
சொல்வதை அடிக்க வேண்டும்.
மூன்று பேர் ஒரே நேரத்தில் கத்தினால்
அடைப்புக்குள் கூச்சல் என்று அடிக்க வேண்டும்.
காவேரிப்பட்டணத்தில் இன்று பதினோரு மணிக்குள்
இருபத்திரண்டு கூச்சல்.

மா விவசாயிகள் சங்கத் தேர்தலில்
கடல் தாண்டி வந்த பணம் புகுந்ததா?
கூழ் வாங்கும் கம்பெனி, அந்தக் கரையில் உட்கார்ந்து,
தனக்குத் தோதான தலைவரைப் பொறுக்கியதா?

தோற்ற கூடை அணிக்கு வக்கீல் சென்றாயன்:
“நம் காய்க்கு எவனோ விலை வைத்தான்,
நம் ஓட்டுக்கும் அவனே வைத்தான்.”
ஜெயித்த மண்வெட்டி அணிக்கு வக்கீல் பைரப்பன்:
“இந்த விசாரணைக்குப் பந்தல் போட்டது எந்த நாட்டுக் காசு?
முதலில் அதை விசாரிக்கட்டும்.”
(கூச்சல்.)

நான்கு வருஷம் முன்பு இதே மண்டபம்.
அன்று தோற்றது மண்வெட்டி.
‘எவனோ’ அன்று பைரப்பனுடைய சொல்,
‘பந்தல்’ சென்றாயனுடையது.
பழைய கோப்பு கணினியில்தான் இருக்கிறது.
பெயர்களை இடம் மாற்றினால் வெயில் தாழ வீடு போகலாம்.
அது தப்பு.
ஆனாலும் ஒரு தடவை திறந்து பார்த்தேன்.

“பெங்களூரான்னு நம்ம காய்க்கே வெளியூர்ப் பேரு,
அதையும் விசாரிங்க” என்றது பின்வரிசை.
சிரிப்பு என்று அடித்தேன்.
நீதிபதியும் சிரித்ததை அடிக்கவில்லை.

மூன்றாம் சாட்சி திம்மராயன், மினி லாரி ஓட்டுநர்.
வேப்பனப்பள்ளிப் பக்கம்; அவர் தமிழுக்கு நடுவே
தெலுங்கு வந்து வந்து உட்கார்ந்துகொள்கிறது.
“நீலம் கூடைக்கு அடியில பொட்டிங்க சார்.
சந்தூரு, போச்சம்பள்ளி, தொகரப்பள்ளி.”
யார் வீட்டில் இறக்கினாய், கூடையா மண்வெட்டியா?
“வாசப்படியில அதெல்லாம் எழுதியிருக்காதுங்களே.
எல்லா வீட்டுலயும்தான்.”

இரண்டு வக்கீல்களும் ஒன்றாக எழுந்து
ஒரே ஆட்சேபணையைச் சொன்னது
இந்த ஒரு தடவைதான்.

துணியை விலக்கிச் சான்று பதினான்கை வைத்தார்கள்:
சிவப்பு ஹாட்பாக்ஸ்.
அடியில் யாருக்கும் வாசிக்க வராத எழுத்து.
அரபி என்றார் ஒருவர், சீனம் என்றார் இன்னொருவர்,
நீதிபதி கண்ணாடியைக் கழற்றி, மாட்டி, தலைகீழாகவும் பார்த்தார்.

என் காலடிக் கட்டைப்பையில்
அதே சிவப்பு, அதே எழுத்து,
உள்ளே எலுமிச்சை சாதம்.
பையைக் காலால் இன்னும் கொஞ்சம் உள்ளே தள்ளினேன்.

மாமனாருக்குச் சந்தூரில் ஒன்றரை ஏக்கர்,
சங்கத்தில் இருநூற்றுப் பன்னிரண்டாம் உறுப்பினர்.
யாருக்குக் குத்தினீங்க என்று கேட்டேன்.
“எப்பவும் குத்துறவனுக்குத்தான்.”
பெட்டி வராத வருஷங்களிலும் இதையேதான் சொன்னார்.
நிஜமா என்று தெரியாது.
அன்றைக்கு ராத்திரி வேட்டி நுனியால்
அந்தப் பெட்டியைத் துடைத்துக்கொண்டே இருந்தார்,
அது தெரியும்.

ஒன்றரைக்குச் சாப்பாட்டு இடைவேளை.
அண்டாக்கள் கவிழ்த்த பின்கட்டில் உட்கார்ந்து திறந்தேன்.
சாதம் இன்னும் சுட்டது.
நல்ல பெட்டி, அதைச் சொல்லத்தான் வேண்டும்.
சென்றாயனின் ஜூனியர் கை கழுவ வந்தான்.
பெட்டியைப் பார்த்தான், என்னைப் பார்த்தான்.
“எங்க வீட்டுல பச்சை” என்றான்.
ஊறுகாய் கேட்டான். கொடுத்தேன்.

இரண்டரைக்கு மறுபடியும்.
நீதிபதி: உண்மை வெளியே வர வேண்டும்.
இரு தரப்பும்: வர வேண்டும்.
(கூச்சல்.)

பதினான்காம் சான்று மேசைமேல் இருக்கிறது.
உள்ளே என்ன என்று இதுவரை யாரும் திறக்கவில்லை.
மூடி கொஞ்சம் முரண்டு பிடிக்கும்,
இடப்பக்கம் அழுத்தித் திருப்ப வேண்டும்.
என்னை யாரும் கேட்கவில்லை.