இலையைத் திருப்புங்கோ

மூன்று நாள் மழை. நாலாம் நாள் விடிய
ஒன்பதாம் வரிசையில் ஒரு காசித்தும்பை
தண்ணி கேட்கிற மாதிரி
இலையைத் தொங்கவிட்டு நின்றது.
மண்ணோ சொதசொதவென்று கிடந்தது.
ஈரத்தில் நின்றுகொண்டு தண்ணி கேட்கிற செடியை
நம்பக்கூடாது.

இலையைத் திருப்பினேன்.
அடியில் வெள்ளை.
குழந்தைக்குப் பவுடர் போட்ட கையை
யாரோ அதில் துடைத்துவிட்டுப் போன மாதிரி.
மேற்பக்கம் கொஞ்சம் வெளிறல், அவ்வளவுதான்.
கொண்டாவில் சந்தியால் வருகிற எவரும்
மேற்பக்கம் பார்த்துத்தான் விலை கேட்பார்கள்.

வைபரில் படம் அனுப்பினேன்.
திருநெல்வேலியிலிருந்து விவசாயப் போதனாசிரியர் மதிவண்ணி
ஒரு வரி எழுதினா:
"அடிச்சாம்பல். இனி மருந்து தேடி ஓடாதேங்கோ."
தேத்தண்ணி ஆறின பிறகு இன்னொன்று:
"வேரோட பிடுங்கிப் பையில கட்டுங்கோ.
பசளைக் கிடங்கில போட்டியளோ,
அடுத்த மாரிக்கும் நீங்களே விதைச்ச மாதிரி."

பின்னேரம் மோட்டரைப் போட்டு
மேலாலே விசிறினது நான்தான்.
நனைந்த இலையோடு அதுகளை இரவெல்லாம் விட்டதும்,
இடம் மிச்சம் பிடிக்கிறேன் என்று
சட்டியோடு சட்டி உரச அடுக்கினதும்.
இப்போது காலையில், குழாயின் வாயை மண்ணில் வைத்து,
நடுவில் ஒரு முழம் காற்று விட்டு.
எவ்வளவு சுலபம், பார்.

பயம் பிடித்தவளுக்கு எல்லாப் பொட்டும் நோய்.
ஓரத்துச் சட்டியில் வெள்ளைத் திட்டு கண்டு
நெஞ்சு திக்கென்றது.
விரலால் துடைக்கப் போய்விட்டது:
எங்கள் கிணற்றுச் சுண்ணாம்பு.
தனியே நின்று சிரித்தேன்.
பதினோராம் வரிசையில் கபில வளையங்கள்,
அவை துடைக்கப் போகவில்லை.
அது இலைப்பேன் காவி வந்த வைரஸாம்.
நீல அட்டையில் பசை பூசித் தொங்கவிட்டேன்;
மறுநாள் அதில், தூசி என்று நான் நினைத்ததற்குக்
கால்கள் இருந்தன.

ஆனால் செவ்வாய்க்கிழமையே நாற்பது சட்டி
இணுவில் கல்யாண மண்டபத்துக்குப் போய்விட்டது.
அந்தக் காசு வங்கித் தவணைக்கும் போய்விட்டது.
"ஆருக்குத் தெரியப்போகுது," என்றான் சகாயநாதன்,
பையின் வாயை விரித்துப் பிடித்தபடி,
"ரெண்டு நாள் நிண்டால் காணும்தானே."

தும்பை விட்டு வாலைப் பிடிக்கிறது என்பார்கள்.
நான் தும்பையை விற்றுவிட்டு
வாலைத் தேடினேன், போனில்.

மண்டபத்துக்காரருக்கு விளங்கவில்லை.
"பூ நல்லாத்தானே கிடக்கு, தங்கச்சி?"
"இலையைத் திருப்புங்கோ."
கொஞ்ச நேரம் அவர் குரல் இல்லை.
மேளம் மட்டும் கேட்டது.
பிறகு, "வீட்டில மனிசியும் இதைத்தான் வச்சிருக்கிறா," என்றார்,
ஏதோ நான் அதையும் கெடுத்துவிட்டேன் என்பது போல.
கெடுத்திருக்கலாம். போன மாதம் வாங்கினவராம்.

நூற்றுப் பத்தொன்பது சட்டி கறுப்புப் பைகளுக்குள்.
அந்தப் பாத்திக்கு இனிப் பிகோனியாதான்,
மண்ணுக்கு மறதி வர வருஷங்கள் எடுக்குமாம்.
கத்தரிக்கோலை டெட்டோலில் போட்டுக்
கையைக் கழுவி,
கடைசிப் பையை முடிச்சுப் போடும்போது
உள்ளே ஒரு காய் வெடித்தது.
பொலித்தீனில் விதை விழுகிற சத்தம்.

முடிச்சைப் பிடித்தபடி நின்றேன்.
இன்னொன்று.