மூன்று ரூபாய் படி

கிருஷ்ணகிரி செஷன்ஸ் கோர்ட்டில்
எனக்கு வேலை நகல் எழுதுவது.
எழுபத்தொன்று, மாங்காய் லாரிகள் ஓடுகிற பருவம்.
வீட்டில் தெலுங்கு பேசுகிறவன் என்பதால்
பதினெட்டு நாள் கூண்டுக்குப் பக்கத்தில் நிற்க வைத்தார்கள்.
நாளொன்றுக்கு மூன்று ரூபாய் படி.

கூண்டில் பைடய்யா, கூர்மாராவ்.
ஸ்ரீகாகுளத்திலிருந்து ரயிலேறி
ஜோலார்பேட்டையில் இறங்கி
ஜெகதேவி பக்கம் கல்லுடைக்க வந்தவர்கள்.
மூட்டையில் இரண்டு வேட்டி, ஒரு சம்மட்டி,
சிவப்பு அட்டை போட்ட பதினாறு பக்கம்.
பதினாறு பக்கத்துக்கும் எண் போட்டார்கள்.
சம்மட்டிக்கும் எண்.
வேட்டிகளை யாரும் கேட்கவில்லை.

செத்தவர் குவாரி குத்தகைக்காரர் முனிவெங்கடப்பன்.
புளியமரத்தடியில்,
அமாவாசைக்கு முந்தின ராத்திரி.
பதினொரு நாள் முன்னால் அதே குவாரியில்
வேட்டு வெடித்து ஒரு பையனும் செத்திருந்தான்.
அதற்கு எண் கிடையாது.

முதல் சாட்சி சொன்னான்:
"இருட்டுங்க. மூஞ்சி தெரியலை.
தெலுங்கு பேசினாங்க, அது கேட்டுச்சு."
நான் சிரித்திருக்க வேண்டும்.
செத்தவர் வீட்டில் தெலுங்கு.
அரசு வக்கீல் வீட்டில் தெலுங்கு.
சாட்சி சொன்னவனே இறங்கும்போது கால் தடுக்கி
படியைத் தெலுங்கில்தான் திட்டினான்.
ஆனாலும் அந்தக் கோடையில்
இந்த ஊரில் தெலுங்குக்காரர்கள் என்றால்
இரண்டே பேர்.

அவர்கள் தெலுங்கு எங்கள் தெலுங்கு இல்லை.
சகரமெல்லாம் கடல்காற்றில் கரைந்திருக்கும்.
மத்தியானக் களியைப் பார்த்து
பைடய்யா முகம் மலர்ந்து 'ஸோள்ளு' என்றான்.
'சொல்லு' என்று என் காதில் விழுந்தது.
என்ன சொல்ல என்று முழித்தேன்.
ராகிக்கு அவர்கள் பக்கம் அந்தப் பேராம்.

முந்நூற்று நாற்பத்திரண்டாம் பிரிவுக் கேள்வி நாள்.
கொலையைப் பற்றி என்ன சொல்கிறாய் என்றார் ஜட்ஜ்.
கொலை என்று கேட்டேனோ,
சாவு என்று கேட்டேனோ, நினைவில்லை.
கூர்மாராவ் ஜட்ஜைப் பார்த்தான், வக்கீலைப் பார்த்தான்,
ஜன்னல் கம்பியில் தொற்றி நின்ற கூட்டத்தைப் பார்த்தான்.
கடைசியாக என்னை.

"மனமே சம்பினாம்."

தமிழ்க் காதுக்கு அது
மனமே என்று எதையோ கூப்பிடுகிற மாதிரி இருக்கும்.
பின்வரிசையில் யாரோ உச்சுக்கொட்டினார்கள்.
தெலுங்கில் அது நாம். நாமேதான்.
கேட்கிறவனையும் உள்ளே இழுத்துக்கொள்கிற நாம்.
அவர்கள் இருவர் மட்டும் என்றால்
மேமே என்றிருப்பான்.
ஸ்ரீகாகுளமானாலும் ஓசூரானாலும் இதில் பேதமில்லை,
பால்குடி மறக்காத பிள்ளைக்கும் தெரியும்.

தமிழிலும் சொல் இருந்தது.
நாக்கு நுனியில் இருந்தது.
விட்டால் அதற்குள் ஜட்ஜ் வருவார்,
வக்கீல் வருவார்,
மூன்று ரூபாயோடு நானும் வருவேன்.

"நாங்கள் கொன்றோம்" என்றேன்.

ஜட்ஜ் இங்கிலீஷில் எழுதிக்கொண்டார்.
அந்தப் பாஷையில் இரண்டுக்கும் ஒரே சொல்.
நாம் என்றே நான் சொல்லியிருந்தாலும்
காகிதத்தில் அதேதான் விழுந்திருக்கும்.
இதை எனக்கு நானே
எத்தனை ராத்திரி சொல்லிக்கொண்டேன் என்று கேட்காதீர்கள்.

கூர்மாராவைச் சேலத்தில் தூக்கில் போட்டார்கள்.
பைடய்யாவுக்கு ஆயுள்; ஆயுளும் நீளமாக இல்லை.
செய்தார்களா என்றால், தெரியாது.
மெட்ராஸில் கூட்டம் போட்டார்கள், நோட்டீஸ் அடித்தார்கள்,
இல்லவே இல்லை என்றார்கள் சிலர்,
ஆமாம், செய்தால்தான் என்ன என்றார்கள் சிலர்.
என்னை வந்து யாரும் கேட்கவில்லை.
தீர்ப்பை மூன்று பிரதி எடுத்தது நான்தான்.
என் கையெழுத்து அழகு என்பார்கள்.

பதினெட்டு நாளுக்கு ஐம்பத்து நாலு ரூபாய்.
ரெவின்யூ ஸ்டாம்பு ஒட்டின தாளில்
'பெற்றுக்கொண்டேன்' என்று அச்சடித்திருந்தது.
கையெழுத்துப் போடுமுன் ஒருமுறை வாசித்தேன்.

ஒருமைதான்.
சரியாக இருந்தது.